கரண்ட் போனால் ரோலர் கோஸ்டர் என்ன ஆகும்?

ரோலர் கோஸ்டர் முதல் ஏற்றத்தில் ஏறும்போது அடியிலிருந்து 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் வரும். பலருக்கு வயிறு கலங்கத் தொடங்குவது அங்கேதான். ஆனால் அந்தச் சத்தம்தான் காவல். தண்டவாளத்தின் நடுவே ரம்பப் பல் வெட்டிய எஃகுச் சட்டம் ஒன்று ஓடுகிறது. வண்டியின் அடியில் தொங்கும் இரும்பு நாக்கு ஒவ்வொரு பல்லையும் தாண்டி விழும் ஓசை அது. முன்னே போனால் நாக்கு பல்லின் சரிவில் வழுக்கி ஏறும்; பின்னே நகர்ந்தால் பல்லில் மாட்டிக்கொள்ளும். சைக்கிள் ஃப்ரீவீலுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். பாதி ஏற்றத்தில் கரண்ட் போய் இழுவைச் சங்கிலி நின்றாலும், வண்டி ஒரு பல் அளவுக்குப் பின்வாங்கி அப்படியே நிற்கும்.

உச்சியைத் தாண்டியதும் சங்கிலி விட்டுவிடும். வண்டியில் எஞ்சின் கிடையாது. மீதி ஓட்டம் முழுக்க ஏறிய உயரத்தின் செலவு. 30 மீட்டர் இறங்கினால், உராய்வைக் கழிக்காமல், விநாடிக்கு 24 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகம் கிடைக்கும். இந்தக் கணக்கில் எடைக்கு இடமில்லை. ஆனால் காற்று தடுக்கும்போது எடை உதவுகிறது: ஆள் நிறைந்த வண்டி வேகமாக ஓடும், காலி வண்டி மெதுவாக ஓடும். குளிர்ந்த காலையில் பேரிங் கிரீஸ் இறுகியிருப்பதால் வேகம் இன்னும் குறையும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் அடுத்த மேட்டை ஏற முடியாமல் வண்டி பள்ளத்திலேயே ஆடி நின்றுவிடலாம். அதனால்தான் கதவு திறப்பதற்கு முன் காலி வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். முழுச் சுமைச் சோதனைக்கு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பொம்மைகளை இருக்கைகளில் உட்கார வைப்பார்கள்.

தலைகீழ்ச் சுழற்சி பலர் கழுத்தை வலிக்கவைத்துக் கற்ற பாடம். 1895இல் நியூயார்க்கின் கோனி தீவில் சுமார் 25 அடி விட்டத்தில் சரியான வட்டமாகவே ஒரு சுழற்சியைக் கட்டினார்கள். வட்டத்தில் சிக்கல் இதுதான்: உச்சியில் விழாமல் தாண்டும் வேகம் வேண்டுமென்றால், அடியில் உடல் தன் எடையைப்போல் குறைந்தது 6 மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் திறந்த 'ரெவல்யூஷன்' கோஸ்டரில் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வட்டத்தைக் கைவிட்டார். வேகம் அதிகமுள்ள அடியில் வளைவு தளர்வு, வேகம் குறையும் உச்சியில் இறுக்கம். இன்று நீங்கள் பார்க்கும் சுழற்சிகள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை.

வண்டி தண்டவாளத்தை விட்டு எழும்பாததற்குக் காரணம் சக்கரங்கள்: மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, தண்டவாளக் குழாய்க்கு அடியில் ஒன்று என மூன்று பக்கமும் பிடித்திருக்கும்.

பிரேக்கில்தான் இதன் அழகு இருக்கிறது. பல புதிய கோஸ்டர்களில் வண்டிக்கு அடியில் செம்பு அல்லது அலுமினியத் தகடு நீட்டிக்கொண்டிருக்கும். முடிவிடத்தில் இரு வரிசை நிலைக்காந்தங்களுக்கு நடுவே அது புகுந்து செல்லும். ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஓடும் தகட்டில் காந்தப்புலம் சுழல் மின்னோட்டத்தை எழுப்பும். அந்த மின்னோட்டத்தின் காந்தம் ஓட்டத்தையே எதிர்க்கும். வீட்டிலேயே பார்க்கலாம். ஏசி மெக்கானிக்கிடம் ஒரு மீட்டர் செம்புக் குழாய் வாங்கி, அதற்குள் நுழையும் அளவு நியோடிமியம் காந்தத்தை, அதாவது சிறியதானாலும் மிக வலுவான காந்தத்தை, போடுங்கள். வெளியே விட்டால் அரை விநாடிக்குள் தரையில் விழும் காந்தம், குழாய்க்குள் எண்ணெயில் இறங்குவதுபோல் மெல்ல மெல்ல இறங்கும். பேட்டரி இல்லை, கம்பி இல்லை. அந்தப் பிரேக்குக்கும் கரண்ட் தேவையில்லை. ஒரே குறை, வேகம் குறையக் குறையப் பிடியும் குறையும். ஆகவே கடைசி ஓரிரு மீட்டருக்கு உரசு பிரேக் உண்டு. அதிலும் பலவற்றில் காற்றழுத்தம் கொடுத்தால்தான் பிரேக் திறக்கும். காற்று போனால் மூடிக்கொள்ளும்.

ஒரே பாதையில் பல வண்டிகள் ஓடினால், பாதையைக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் ஒரு வண்டி மட்டும் என்று ரயில்வேபோலவே கணினி காவல் காக்கும். இரு சென்சார்கள் வேறு வேறு பதில் சொன்னால், யார் சொல்வது சரி என்று அது ஆராயாது, எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நடுவழியில் வண்டி நிற்பதற்கு இதுவும் ஓர் அடிக்கடிக் காரணம்.

இத்தனை காவலையும் ஒரு பெற்றோர் வாசலிலேயே உடைத்துவிட முடியும் என்பதுதான் என் கவலை. வாசலில் நிற்கும் உயரப் பலகை 120 என்றோ 140 சென்டிமீட்டர் என்றோ சொல்வது வயதுக்காக அல்ல. மேட்டைத் தாண்டும்போது உடல் இருக்கையிலிருந்து எழும்பும். இடுப்பு மடிப்பில் அழுந்தும் கம்பிதான் பிடித்து வைக்கிறது. கால் தரையில் எட்டாத குழந்தை கம்பிக்கு அடியில் வழுக்கும். ஒரே கம்பி இருவருக்கு என்றால் அது அப்பாவின் தொடையில் முட்டி நின்றுவிடும். குழந்தையின் மடியில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு போட்டு, உச்சிக் கொண்டை வைத்து அளவைத் தாண்ட வைக்காதீர்கள். தாண்டுவது உயரம் மட்டும். இடைவெளி அப்படியே இருக்கும். சின்னவர்களுக்குத் தாழ்வான கோஸ்டர்கள் தனியே இருக்கின்றன.

ஏற்றத்தின் நடுவே நின்றுவிட்டால் கம்பியை நெம்பாதீர்கள். கரண்ட் இல்லாவிட்டாலும் அது பூட்டியே இருக்கும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தை ஒட்டிய படிக்கட்டில் பணியாளர்கள் ஏறி வந்து, ஒவ்வொரு வரிசையாகக் கையால் திறந்து இறக்குவார்கள். அதுவரை முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருங்கள்.