டீஸ்கில்லிங்: திறனிழப்பா, திறன் நீக்கமா?

டீஸ்கில்லிங் (deskilling) என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் தரச் சொன்னால், சட்டென்று 'திறனிழப்பு' என்று எழுதத்தான் கை போகும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் பொருள். ஒரு வேலையைச் செய்ய முன்பு பல வருடப் பயிற்சி தேவைப்பட்டது, இப்போது எந்திரமோ மென்பொருளோ வந்ததால், அல்லது வேலையையே துண்டு துண்டாகப் பிரித்துவிட்டதால், சில நாள் பழகினாலே போதும் என்றாகிவிடுகிறது, அதுதான் டீஸ்கில்லிங். வேலை செய்பவர் எதையும் மறந்துவிடவில்லை. அவருக்குத் தெரிந்தது அப்படியே இருக்கிறது, அதைக் கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஸ்கில் என்பது ஸ்காண்டிநேவியர்களின் பண்டை மொழியான பழைய நார்ஸிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அங்கே அதற்குப் பொருள் வேறுபாடு, பகுத்துணரும் அறிவு. கைவேலைத் தேர்ச்சி என்ற பொருள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. முன்னால் வரும் 'டீ' நீக்குதலைக் குறிக்கும். அமெரிக்க மார்க்சிய எழுத்தாளர் ஹாரி பிரேவர்மன் உழைப்பைப் பற்றி 1974இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகுதான் தொழிலாளர் ஆய்வுகளில் இந்தச் சொல் பரவலாகப் புழங்க ஆரம்பித்தது, அவரே செம்பு வேலை கற்ற தொழிலாளி. ஆனால் கருத்து பழையது. 1832இலேயே ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்: ஒரு வேலையை முழுசாக ஒருவரே செய்தால், அதிலுள்ள கடினமான பகுதிக்குரிய கூலியை எளிய பகுதிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், பிரித்துவிட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் தேவையான அளவு திறனை மட்டும் விலைக்கு வாங்கலாம். கூலி எங்கே குறைகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

அச்சகத்தைப் பாருங்கள். எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் இடது கையில் ஸ்டிக்கை, அதாவது எழுத்துகளை அடுக்கும் சிறு தட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பியிருக்கும் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பார், வரியைத் தலைகீழாக வைத்தே படிப்பார், வரி நிறையாவிட்டால் சொற்களுக்கிடையே மெல்லிய தகடு செருகிச் சரிசெய்வார். 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் லினோடைப் எந்திரம் வந்தது, ஒரு வரியை அப்படியே ஒரே ஈயக் கட்டியாக வார்த்துவிடும். அதோடு கம்பாசிட்டர் கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. அந்த எந்திரத்தில் பயிற்சி பெற்ற கம்பாசிட்டர்கள்தான் உட்கார வேண்டும் என்று தொழிற்சங்கம் பிடித்த பிடியில் நின்றது, திறன் உருமாறியது, கூலி சரிந்துவிடவில்லை. கணினி வந்தபோதுதான் அந்தத் திறனுக்கே இடமில்லாமல் போனது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் ஈய எழுத்தைக் கைவிட்டது. ஆனால் அங்கேயும் 1974இலேயே (ஆமாம், பிரேவர்மன் நூல் வந்த அதே வருடம்) கணினியை ஏற்றுக்கொள்வதற்கு ஈடாக வாழ்நாள் வேலை உறுதியைச் சங்கம் எழுதி வாங்கியிருந்தது. எந்திரம் மட்டுமே கூலியைத் தீர்மானிப்பதில்லை, பேரம் பேச யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான்.

இதனால்தான் 'இழப்பு' என்ற சொல் எனக்கு இடிக்கிறது. வேலையிழப்பு என்றால் தொழிலாளிக்கு நேர்ந்தது, பணிநீக்கம் என்றால் இன்னொருவர் செய்தது. டீஸ்கில்லிங்கும் ஒருவர் முடிவெடுத்துச் செய்வதுதான், அதனால் 'திறன் நீக்கம்' என்பதே பொருந்தும். 'திறன் குறைபாடு' வேண்டவே வேண்டாம், அது உடல் குறைபாட்டைச் சொல்வதுபோல் ஆகிவிடும்.

எல்லாத் தொழில்நுட்பமும் திறனை நீக்கும் என்றும் சொல்லிவிட முடியாது. படித்தவர்களின் தேவையைக் கூட்டி, அவர்கள் சம்பளத்தை மற்றவர்களைவிட மேலே ஏற்றிவிடும் மாற்றமும் உண்டு, 1980களிலிருந்து அமெரிக்காவில் பட்டதாரிகளுக்கும் மற்றவர்களுக்கும் இடையே ஊதிய இடைவெளி அகன்றதற்குப் பொருளியலாளர்கள் பலர் சொல்லும் காரணம் அது. அதைத் 'திறன்சார்புத் தொழில்நுட்ப மாற்றம்' எனலாம். அப்ஸ்கில்லிங் 'திறன் மேம்பாடு', ரீஸ்கில்லிங் 'மறுபயிற்சி'. இவற்றில் குழப்பம் இல்லை.

அப்புறம் ஒன்று: புணர்ச்சி விதிப்படி சேர்த்தால் 'திறனீக்கம்' என்று வரும், படிப்பவருக்கு அது 'ஈக்கம்' என்று ஏதோ புதுச் சொல்போலத் தெரியும். பிரித்தே எழுதுங்கள்.