மிதிவண்டி: பழைய படங்களோடு ஒரு சொல்லை ஒப்பிட்டுப் பார்த்தல்

1880களில் இங்கிலாந்தில் எடுத்த சைக்கிள் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் மறக்காது. முன்சக்கரம் ஆளின் மார்புயரத்துக்கு நிற்கும். பின்சக்கரம் அதன் பின்னால் கன்றுக்குட்டிபோல ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டிக்காரர் பல படங்களில் இருக்கையில் இல்லை. பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருப்பார், அல்லது வண்டியைச் சுவரில் சாய்த்திருப்பார். ஓட்டம் நின்றால் சாய்ந்துவிடும் வண்டி அது. படத்தை உற்றுப் பார்த்தால் பின்சக்கரத்துக்குச் சற்று மேலே, வளைந்த தண்டில், விரற்கடை அளவு ஒரு படி தெரியும். ஒரு காலை அதில் ஊன்றி, மறுகாலால் தரையை உந்தி, ஓட்டம் பிடித்ததும் தாவி ஏற வேண்டும். மிதிக்கட்டை முன்சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும். சங்கிலி கிடையாது.

இதற்குத் தமிழில் என்ன பெயர் சொல்வது? சைக்கிள், மிதிவண்டி, ஈருருளி, துவிச்சக்கரவண்டி என நம்மிடம் நான்கு சொற்கள் இருக்கின்றன. எது சரியான தமிழ் என்ற வாதம் அவ்வப்போது எழுகிறது. அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை சொல்ல முடியாது என்பது என் எண்ணம். பழைய படங்களை வரிசையாக வைத்து, ஒவ்வொரு சொல்லும் எந்தப் படத்துக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் கடன் சொல். பைசிக்கிள் என்பது 1860களின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. 'பை' இலத்தீனில் இரண்டு. 'சைக்கிள்' வட்டம், சக்கரம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லான கூக்லோஸிலிருந்து வந்தது. வடமொழியின் 'சக்ர' என்பதும் இந்தக் கூக்லோஸும் ஒரே வேரில் பிறந்தவை. 'துவி'யும் 'பை'யும் அப்படியே. ஆகவே இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் இன்றும் எழுதுகிற துவிச்சக்கரவண்டி, பைசிக்கிளின் மொழிபெயர்ப்பு மட்டுமன்று. பகுதிக்குப் பகுதி அதன் உடன்பிறப்பு. ஈருருளி அதே கருத்தைத் தமிழ் வேர்களால் சொல்கிறது. உயிரெழுத்துக்கு முன் இரு என்பது ஈர் ஆகும். உருள் என்ற வினையிலிருந்து உருளி. குமரி மாவட்டத்துச் சமையற்கட்டில் உருளி என்றால் பாத்திரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆக, இந்த மூன்று சொற்களும் எண்ணுவது சக்கரத்தைத்தான்.

மிதிவண்டி எண்ணுவதில்லை. அது காலைப் பார்க்கிறது.

இந்த வேறுபாடு முதல் வண்டியிலேயே வெளிப்படுகிறது. 1817 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து கார்ல் டிரைஸ் என்ற வன அதிகாரி, தான் செய்த மரவண்டியில் சுமார் 7 கிலோமீட்டர் போய்த் திரும்பினார். இரண்டு சக்கரம், நடுவே ஒரு சட்டம், இருக்கை, திருப்புவதற்கு ஒரு தண்டு; அவ்வளவுதான். மிதிக்கட்டை இல்லை. உட்கார்ந்தபடியே தரையைக் காலால் மாறிமாறி உந்திப் போக வேண்டும். ஜெர்மன் மொழியில் அதற்கு 'ஓடும் பொறி' என்று பெயர். பிரெஞ்சில் வெலோசிபேது, அதாவது விரைகால். புகைப்படக் கலை அப்போது பிறக்கவில்லை என்பதால் டிரைஸின் பயணத்துக்கு ஓவியங்களும் அருங்காட்சியக வண்டிகளுமே சாட்சி. ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 1820களில் உலகின் முதல் நிலைத்த புகைப்படத்தை எடுத்த பிரெஞ்சுக்காரர் நீசெஃபோர் நியெப்ஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு இதே வண்டியைத் தாமே செய்து திருத்திக்கொண்டிருந்தவர்.

டிரைஸின் வண்டிக்கு ஈருருளி பொருந்துகிறது, துவிச்சக்கரவண்டி பொருந்துகிறது, மிதிவண்டி பொருந்தவில்லை.

1860களில் பாரிஸில் முன்சக்கரத்தின் அச்சில் மிதிக்கட்டைகள் ஏறின. பியேர் மிஷோ, பியேர் லால்மோ ஆகிய இருவரில் யார் முந்தியவர் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. லால்மோ 1866இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இங்கிருந்துதான் நாம் அறிந்த வண்டியின் கதை தொடங்குகிறது. மிதி அச்சிலேயே இருப்பதால் கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று. வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவது ஒன்றே வழி. ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு மிதிச் சுற்றுக்கு ஏறத்தாழ 4.7 மீட்டர் போகும். அந்தப் படங்களில் தெரியும் பூதாகரமான சக்கரத்துக்குக் காரணம் இந்தக் கணக்குதான். சவாரி செய்பவரின் கால் மிதிக்கு எட்டும் அளவுக்கு மேல் சக்கரத்தை வளர்க்க முடியாது. கல்லொன்று தடுக்கினால் ஆள் கைப்பிடிக்கு மேலே தலைகுப்புறப் போவார்.

1885இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் என்ற வண்டி இந்தத் தளையை அவிழ்த்தது. சக்கரங்கள் ஏறக்குறைய சம அளவு, மிதி நடுவே, பெரிய பல்சக்கரத்திலிருந்து சங்கிலி வழியாகப் பின்சக்கரத்தின் சிறிய பல்சக்கரத்துக்கு விசை. மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரம் இரண்டு முறைக்கும் மேல் சுற்றும்படி வைக்கலாம் என்பதால் பெரிய சக்கரத்துக்குத் தேவையில்லாமல் போனது. 1888இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் சேர்ந்துகொண்டது. போலந்து மொழியில் சைக்கிளுக்கு இன்றும் ரோவர் என்றே பெயர்.

இப்போது நம் சொல்லுக்கு வருவோம். மிதிவண்டி வினைத்தொகை. மிதித்த வண்டி, மிதிக்கிற வண்டி, மிதிக்கும் வண்டி என மூன்று காலமும் அதற்குள் அடங்கும். அதன் அமைப்பும் பழையது. பெரும்பாணாற்றுப்படை நண்டின் பிளவுபட்ட காலுக்கு உவமை சொல்லும்போது 'மிதியுலைக் கொல்லன் முறிகொடிறு' என்கிறது. கொடிறு என்றால் குறடு. துருத்தியைக் காலால் மிதித்து ஊதும் உலை மிதியுலை. கால் விசையால் இயங்கும் கருவிக்கு 'மிதி' என்று முன்னொட்டிப் பெயர் வைக்கும் பழக்கம் சங்க காலத்திலேயே இருந்திருக்கிறது. மிதிவண்டியை உருவாக்கியவர் இதை நினைத்தாரோ இல்லையோ, மொழியின் தடத்திலேயே நடந்திருக்கிறார்.

ஆகவே என் முடிவு மிதிவண்டிக்குச் சாதகமானது. ஈருருளி இலக்கணச் சுத்தமான சொல்தான். ஆனால் மோட்டார் சைக்கிளுக்கும் இரண்டு உருளிதான். சில தள்ளுவண்டிகளுக்கும் இரண்டே உருளிதான். தெருவில் காய்கறி கொண்டுவருபவர் மிதித்து வரும் மூன்று சக்கர வண்டியை ஈருருளி வெளியே தள்ளிவிடும். மிதிவண்டி அதையும் சேர்த்துக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் வண்டியும் 'விலையில்லா மிதிவண்டி' என்ற பெயரோடுதான் வீட்டுக்கு வருகிறது. பேச்சில் எல்லாரும் சைக்கிள் என்றே சொல்கிறோம். அதில் தவறொன்றும் இல்லை. சீட்டில் உட்காரக் கால் எட்டாத வயதில், சட்டத்தின் இடைவெளிக்குள் காலை நுழைத்து நான் கற்ற 'குரங்குப் பெடல்' வித்தைக்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

மிச்சமிருப்பது டிரைஸின் வண்டி. அது இப்போது சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமானாகத் திரும்பி வந்திருக்கிறது: இரண்டு சக்கரம், மிதிக்கட்டை கிடையாது, காலால் உந்த வேண்டும். இதை மிதிவண்டி என்பது பொய்யாகிவிடும். நடைவண்டி என்றாலோ, நம் வீடுகளில் குழந்தை பிடித்துத் தள்ளிப் பழகும் மரவண்டிதான் நினைவுக்கு வரும். அத்தகைய ஒன்றைப் பட்டினப்பாலை 'புரவியின்று உருட்டும் முக்காற் சிறுதேர்' என்கிறது. குதிரை இல்லாமல் உருட்டும் மூன்று சக்கரத் தேர். அங்கே கால் என்பது சக்கரம். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்ற குறளிலும் அதே பொருள்தான். மிதிக்கட்டை இல்லாத இந்த வண்டியைக் கால்வண்டி என்று அழைத்துப் பார்க்கிறேன். அதில் உந்துவதும் கால், உருள்வதும் கால்.