வெள்ளைக் கோப்பைக்கு எந்த நிறம் அடிப்பது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஆறு மாதமாக வாட்டர்கலர் பழகுகிறேன். வரைந்து முடித்ததும் எங்கேயோ தப்பு என்று கண்ணுக்குத் தெரிகிறது, எங்கே என்றுதான் பிடிபடவில்லை. கடுப்பில் பாதிப் பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன். தப்பைப் பார்க்கத் தெரிந்த எனக்கு அதைத் திருத்த மட்டும் ஏன் கை வரமாட்டேன் என்கிறது? இதெல்லாம் பிறவியிலேயே வர வேண்டிய சமாசாரமா?”

கடைசிக் கேள்விக்குப் பதில், இல்லை. கிழிப்பதிலும் நீங்கள் தனி ஆள் இல்லை. 1908இல் கண்காட்சிக்கு என்று வரைந்து வைத்திருந்த அல்லிக்குள ஓவியங்களில் 15ஐயாவது பிரெஞ்சு ஓவியர் மோனே தன் கையாலேயே நாசம் செய்தார். எனக்குச் சுவாரசியமாகப் படுவது நடுவில் இருக்கிற கேள்விதான். கை வரவில்லை என்கிறீர்களே, பாவம், கை என்ன தப்பு செய்தது?

1997இல் டேல் கோஹன், சூசன் பென்னெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைக் கிட்டத்தட்ட துப்பறியும் வேலை மாதிரி எடுத்துக்கொண்டார்கள். எதிரில் இருக்கும் பொருளைப் பார்த்தபடியே வரைய நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஏன் வருவதில்லை? சந்தேகப் பட்டியலில் நான்கு பேர். கை சொன்னபடி கேட்கவில்லை என்பது ஒன்று. எதை வரைவது, எதை விடுவது என்ற முடிவு சரியில்லை என்பது இன்னொன்று. தன் ஓவியத்தின் தப்பு தனக்கே தெரியவில்லை என்பது மூன்றாவது. பொருளைப் பார்க்கும்போதே தப்பாகப் பார்த்தாயிற்று என்பது நான்காவது. புகைப்படத்தின் மேலேயே தாளை வைத்து அச்செடுக்கச் சொன்னபோது பயிற்சி இல்லாதவர்களும் நன்றாகவே வரைந்தார்கள். கையைப் பெரிய குற்றவாளி என்று சொல்ல முடியவில்லை. பெரும்பழி விழுந்தது நான்காவது ஆள் மேல். யோசித்துப் பாருங்கள், ஊசியில் நூல் கோக்கிற, வருஷக்கணக்கில் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுகிற கைதானே இது.

சரி, பார்க்கும்போதே தப்பு என்றால் என்ன அர்த்தம்? கண் கெட்டுப்போயிருக்கிறது என்றா? நேர் எதிர். கண்ணும் மூளையும் அளவுக்கு மீறி நன்றாக வேலை செய்கின்றன, அதுதான் சிக்கல்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். உச்சி வெயிலில் தரையில் விழும் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). விளக்கு எரியும் அறைக்குள் 400 லக்ஸ் இருந்தால் ஓரளவு நல்ல வெளிச்சம். கரி தன் மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நாலு பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம், வெள்ளைத் தாள் தொண்ணூறு பங்கை. வெயிலில் கிடக்கும் கரியிலிருந்து கண்ணுக்கு வருவது 4,000 பங்கு ஒளி. அறைக்குள் இருக்கும் வெள்ளைத் தாளிலிருந்து வருவது 360. அதாவது அந்தக் கரி இந்தத் தாளைவிடப் பத்து மடங்குக்கும் மேல் பிரகாசம்! ஆனாலும் நமக்குக் கரி கறுப்பு, தாள் வெள்ளை. ஒரு நாளும் குழம்பியதில்லை.

ஏன் குழம்புவதில்லை என்றால், மூளை வரும் ஒளியை அப்படியே நமக்குக் காட்டுவதில்லை. இங்கே எவ்வளவு வெளிச்சம் விழுகிறது, நிழலின் ஓரம் எங்கே, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எல்லாவற்றையும் கணக்கில் எடுத்து, வெளிச்சத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் சொந்த நிறத்தை மட்டும் நம்மிடம் நீட்டுகிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை நாம் அறியாமல் நடக்கும் அனுமானம் என்றார். இந்தக் கழித்தல் கணக்கு கண்ணைத் திறந்த கணத்தில் முடிந்துவிடுகிறது, விடை மட்டும்தான் நமக்குத் தெரியும், போட்ட கணக்கு தெரியாது. பழுத்த பழமா காயா என்று மர நிழலிலும் வெயிலிலும் சரியாகச் சொல்ல முடிவது இதனால்தான். எனக்கு மூளை செய்கிற வேலைகளிலேயே ஆகப் பிடித்தது இது. வரைய உட்காரும் நேரம் தவிர.

ஏனென்றால் ஓவியனுக்கு வேண்டியது கழிப்பதற்கு முந்தைய எண். அதைத்தான் மூளை கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருக்கிறது.

நான் முதன்முதலில் வரைந்த வெள்ளைக் கோப்பையைச் சொல்கிறேன். ஜன்னல் வலப்பக்கம், கோப்பையின் இடப்பக்கம் நிழல். கோப்பை வெள்ளை என்று எனக்குத் தெரியும், அதனால் நிழல் பக்கத்துக்கும் ‘கொஞ்சம் அழுக்கான வெள்ளை’ அடித்தேன். காகிதத்தில் வெட்டி ஒட்டியது மாதிரி தட்டையாக வந்தது. அப்புறம் யாரோ சொல்லிக் கொடுத்தபடி, சாம்பல் நிற அட்டை ஒன்றில் பட்டாணி அளவுக்கு ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த ஓட்டை வழியாக நிழல் பக்கத்தை மட்டும் பார்த்தேன். ஓட்டைக்குள் தெரிந்தது வெள்ளையே இல்லை. மழைமேகம் மாதிரி நீலம் கலந்த அடர் சாம்பல், அட்டையைவிட இருட்டு. அட்டையை எடுத்தேன், கோப்பை வெள்ளை. வைத்தேன், சாம்பல். எடுத்தேன், வெள்ளை. பத்து நிமிடம் பைத்தியம் மாதிரி இதையே செய்துகொண்டிருந்தேன், நீங்களும் செய்து பாருங்கள். அக்கம்பக்கம் மறைந்ததும் மூளைக்குக் கழிப்பதற்கு ஆதாரம் இல்லாமல் போகிறது, வேறு வழியின்றி உண்மை எண்ணைக் காட்டிவிடுகிறது. கண்ணைச் சுருக்கிப் பார்க்கச் சொல்லி ஓவிய ஆசிரியர்கள் நச்சரிப்பதும் ஏறக்குறைய இதற்காகத்தான். ஓரங்களும் நுணுக்கங்களும் மங்கினால் அடர்த்தியை மட்டும் ஒப்பிடுவது சுலபமாகிறது.

அப்படியானால் தேர்ந்த ஓவியர்களுக்கு இந்தக் கழித்தல் இல்லாத கண் வாய்த்துவிடுகிறதா? அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைத்தேன். 2011இல் ஃப்ளோரியன் பெர்ட்ரோ, பாட்ரிக் கவானா இருவரும் ஓவியர்களையும் மற்றவர்களையும் உட்கார வைத்து அளவு, வெளிர்மை போன்றவற்றில் இந்தத் திருத்தம் எவ்வளவு நடக்கிறது என்று சோதித்தார்கள். ஓவியர்களும் மற்றவர்கள் மாதிரியே ஏமாந்தார்கள்! ‘ஓவியனின் கண்’ என்று ஒன்று வருவதற்காக நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. அவர்களிடம் இருப்பது கண்ணைச் சுற்றிக்கொண்டு போகிற வழிகள்: ஓட்டை, பென்சிலை நீட்டி அளப்பது, இதைவிட அது இருட்டா என்று ஓயாமல் ஒப்பிடுவது.

சரி, உண்மையான நிறம் தெரிந்துவிட்டது. அதைக் கலந்து பேப்பரில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் மனசுக்குள் ஒரு குரல்: ஐயோ, கெடுத்துவிட்டாய். வெள்ளைப் பேப்பரின் நடுவில் அந்தச் சாம்பல் தார் ஊற்றியது மாதிரி இருந்தது. பயந்துபோய் தண்ணீர் விட்டு ஒற்றி எடுத்தேன், படம் திரும்பவும் வெளிறியது.

ஆனால் நான் வைத்த நிறம் சரியானது. அதைத் தப்பாகக் காட்டியது பக்கத்தில் இருந்த வெள்ளை. இதை முதலில் முறையாக ஆராய்ந்தவர் மிஷேல் யூஜின் ஷெவ்ரல். பாரிஸில் கோபலன் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824இல் பொறுப்பேற்ற வேதியியலாளர். நீல, ஊதாத் துணிகளின் நிழல் பகுதிகளுக்குப் போட்ட கறுப்பு நூல் கறுப்பாகவே இல்லை, சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. வேறு இடங்களில் சாயமேற்றிய கறுப்புக் கம்பளி நூலை வரவழைத்து ஒப்பிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் ஓடிய நிறங்கள்தான் கறுப்பை மங்கவைத்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தைத் தனக்கு எதிர்த்திசையில் தள்ளிக் காட்டும் என்று கண்டுபிடித்து 1839இல் பெரிய நூலாகவே எழுதிவிட்டார். (மனிதர் 102 வயதுவரை இருந்தார், அதுவேறு.)

இப்போது வாசகரின் கிழிந்த பேப்பருக்கு வருவோம். வெள்ளைத் தாளில் முதலில் வைக்கிற எந்த நிறமும் இருக்க வேண்டியதைவிட இருட்டாகத்தான் தெரியும். புதிதாகப் பழகுகிறவர் பயந்துபோய்த் தண்ணீர் சேர்ப்பார். வாட்டர்கலர் காய்ந்தால் இன்னும் ஒரு படி வெளிறும். கடைசியில் தாள் முழுக்க நிறம் ஏறியதும் அந்த இருட்டு மாயமாகிப் படம் மொத்தமும் துவைத்துப் போட்டது மாதிரி கிடக்கும். உடனே, எனக்கு வராது. ஆக, ‘கெடுத்துவிட்டாய்’ என்று குரல் கேட்ட இடத்தில் நீங்கள் சரியாக இருந்தீர்கள், அதைக் கேட்டுத் திருத்தப் போய்த்தான் கெட்டது. எண்ணெய் ஓவியர்கள் வெள்ளைக் கேன்வாஸில் நேரடியாக இறங்காமல் முதலில் மொத்தமாக ஒரு பழுப்போ சாம்பலோ பூசிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தக் குரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டார்கள். தலையில் மின்முனைகளை ஒட்டி, வேகமாகப் பொத்தானை அழுத்தும் சோதனை வைத்தால், தப்புப் பொத்தானை அழுத்திய பத்தில் ஒரு நொடிக்குள் நெற்றிக்குப் பின்னால், மூளையின் நடுக்கோட்டுப் பகுதியிலிருந்து ஒரு மின் அலை எழுகிறது. ‘ஐயோ’ என்று வார்த்தை வருவதற்கு முன்பே மணி அடித்துவிடுகிறது. பதற்றப்படும் சுபாவம் உள்ளவர்களுக்கு இந்த மணி பலமாக அடிக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. இதை நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது, இது இல்லாவிட்டால் ஒன்றும் கற்க முடியாது. இதற்குச் சற்றுப் பின்னால், அரை நொடிக்குள், இன்னொரு அலை வருகிறது, அது தப்பை நின்று கவனிப்பதோடு தொடர்புடையது. 2011இல் ஜேசன் மோசர் குழு செய்த ஓர் ஆய்வில், திறமை வளரக்கூடியது என்று நம்புகிறவர்களுக்கு இந்த இரண்டாவது அலை பெரிதாக இருந்தது, தப்புக்கு அடுத்த முயற்சியிலும் அவர்கள் நன்றாகச் செய்தார்கள். சின்ன ஆய்வுதான், இதை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம்.

என் ஊகம் ஒன்றைச் சொல்கிறேன், இதற்கு ஆய்வு எதையும் நான் ஆதாரம் காட்டவில்லை. மணி அடிக்க வேண்டுமென்றால் எதையோ எதனோடோ ஒப்பிட வேண்டும் இல்லையா? வரையும்போது பேப்பரை நாம் ஒப்பிடுவது அந்தக் கழித்தல் முடிந்த கோப்பையோடு, அந்த வெள்ளைக் கோப்பையோடு. ஒப்பிடும் அளவுகோலே கோணல் என்றால் மணி தப்பான நேரத்தில்தான் அடிக்கும். உள்ளே இருக்கும் விமர்சகரை எல்லோரும் கடுமையானவர் என்கிறார்கள். எனக்கென்னவோ அவருக்கு விஷயம் தெரியவில்லை என்றுதான் தோன்றுகிறது. அவரோடு சண்டை எதற்கு? ஓட்டை அட்டையை அவர் கையில் கொடுத்தால் போதும்.

இந்த இடத்தில் யாராவது “உங்களுக்கு இடது மூளை, அதனால்தான் ஓவியம் வராது” என்று கிளம்பிவிடுவார்கள். ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981இல் நோபல் வாங்கித் தந்த ஆராய்ச்சி, மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் பாலத்தை வெட்டிய நோயாளிகள் சம்பந்தப்பட்டது. அதை இழுத்து இழுத்து மனிதர்களையே இரண்டு ஜாதியாகப் பிரித்துவிட்டார்கள். 2013இல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் மூளை ஸ்கேன்களை அலசியபோது அப்படி ஒரு பக்கம் ஓங்கிய மனிதர்கள் யாரும் அகப்படவில்லை. ராசிபலனுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, இரண்டும் முயற்சி செய்வதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுகின்றன. இந்தக் கதையை விற்கும் பயிற்சி வகுப்புகளுக்குப் போகிற பணத்தில் ஒரு துளி, மனிதன் ஏன் பார்த்ததை வரையத் திணறுகிறான் என்று ஆராய்வதற்குப் போனால் தேவலை. நிதி கொடுக்கும் குழுவின் முன்னால் அப்படி ஒரு தலைப்பைப் படித்தால் சிரிப்புத்தான் வரும் என்பதும் தெரியும்.

கேள்வி கேட்டவருக்கு இன்னும் ஒன்று. ‘எங்கே தப்பு என்று பிடிபடவில்லை’ என்றீர்களே, இரண்டு மணி நேரம் ஒரே படத்தை முறைத்தால் அதன் கோணல் கண்ணுக்குப் பழகிவிடும். 1435இலேயே ஓவியக்கலை பற்றி நூல் எழுதிய இத்தாலியர் ஆல்பெர்த்தி, வரைந்ததைக் கண்ணாடியில் காட்டிப் பார்க்கச் சொன்னார். இடம் வலம் மாறியதும் பழகிய கோணல் எதிர்ப்பக்கம் சாய்ந்து பளிச்சென்று தெரியும். செல்போனில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் சரிதான். என் கோப்பையை அப்படித் திருப்பியபோது நிழல், நிறம் எல்லாம் பரவாயில்லாமல் இருந்தது. வாய் வட்டம் மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து, கொஞ்சம் அசைந்தால் உள்ளே இருப்பது கொட்டிவிடும் போலிருந்தது.