பொதுவாயில்: கேட்வே என்னும் சொல்லுக்கு உரிய தமிழ்

யங்கோனில் எங்கள் வீட்டில் பேச்சு தமிழிலும், பள்ளிப் படிப்பு பர்மியத்திலும், கணினி வேலை ஆங்கிலச் சொற்களிலும் நடக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் என் அக்காள் மகன், வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறிய வழங்கியில் (சர்வரில்) ஐ.பி.எஃப்.எஸ். வலையமைப்புக்கான பொதுக் கேட்வே ஒன்றை நிறுவினான். அதன் முகப்பில் பர்மியத்தோடு தமிழிலும் ஒரு வரி இருக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். “மாமா, கேட்வேயை நுழைவாயில் என்று எழுதினால் போதுமா?” என்று கேட்டான். போதாது என்று உடனே தோன்றியது. ஏன் போதாது என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். நாம் அன்றாடம் பயன்படுத்தும் வலையில் ஒரு முகவரி என்பது ஓர் இடத்தின் பெயர். அந்த இடத்தில் இருக்கும் வழங்கியை அணைத்துவிட்டால், அல்லது அங்கே செல்லும் வழியை அடைத்துவிட்டால், பக்கம் மறைந்துவிடுகிறது. கோள்களிடைக் கோப்பு முறைமை என்று பொருள்படும் பெயரைக் கொண்ட ஐ.பி.எஃப்.எஸ்., ஹுவான் பெனெட் என்பவர் 2014இல் முன்வைத்து 2015இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் முகவரி இடத்திலிருந்து பிறப்பதில்லை, உள்ளடக்கத்திலிருந்தே பிறக்கிறது. கோப்பைக் கணித முறையில் சுருக்கிக் கிடைக்கும் நீண்ட எழுத்துவரிசையே அதன் முகவரி. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் முகவரி முழுதும் மாறிவிடும். அந்தக் கோப்பின் படி உலகில் எவருடைய கணினியில் இருந்தாலும் அங்கிருந்து பெறலாம் என்பதால், ஒரு படியை அழிப்பதால் மட்டும் அதை ஒழித்துவிட முடியாது. ஆனால் இந்த வலையமைப்பின் மொழி பெரும்பாலான உலாவிகளுக்குத் தெரியாது. சாதாரண உலாவியிலிருந்து வரும் வேண்டுகோளை வாங்கி, வலையமைப்பின் மொழியில் கோப்பைத் தேடிப் பெற்று, உலாவிக்குப் புரியும் மொழியில் திருப்பித் தரும் வழங்கியே கேட்வே. எவரும் அனுமதி கேளாமல் பயன்படுத்தலாம் என்றால் அது பொதுக் கேட்வே. பயன்படுத்துபவரின் அடையாளத்தை மறைக்கும் டோர் வலையமைப்பின் மறைவுத் தளங்களைச் சாதாரண உலாவிக்குக் காட்ட 2008இல் தொடங்கப்பட்ட டோர்2வெப் செய்ததும் இதே வேலைதான்.

ஆங்கிலச் சொல்லின் முற்பகுதி, மதிலிலோ வேலியிலோ விடப்பட்ட திறப்பைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. பிற்பகுதி வழியைக் குறிப்பது. கணினி உலகில் இச்சொல் நிலைபெற்றதற்கு, இணையத்தின் அடிப்படை விதிகளை வகுத்த வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974 மே மாதம் வெளியிட்ட கட்டுரையே பெரிய காரணம். வெவ்வேறு விதிகளின்படி இயங்கும் இரு வலையமைப்புகளின் எல்லையில் நின்று, ஒன்றிலிருந்து வரும் தரவுப் பொதியைப் படித்து, மற்றதற்கு ஏற்ற வடிவில் மாற்றி அனுப்பும் கருவியை அவர்கள் அப்பெயரால் அழைத்தனர். இன்று அந்தக் கருவியை ரூட்டர் என்கிறோம். மொழிபெயர்க்கும் வேலை மிகுந்திருக்கும் இடங்களில்தான் பழைய பெயர் தங்கியிருக்கிறது. ஆகவே இச்சொல்லுக்குத் தமிழ் தேடுகிறவர் திறப்பு என்னும் பொருளோடு நின்றுவிடக் கூடாது. இருவருக்கு இடையில் நின்று ஒருவர் சொல்வதை மற்றவருக்குப் புரியவைத்தல் என்பதும் இச்சொல்லின் உள்ளே இருக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். வாயில் என்பதை நம் இலக்கணிகள் இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாகத் தருவர். இல்லத்தின் வாய் என்னும் பொருளில் இல்வாய் என்று இருக்க வேண்டியது, முன்பின்னாக மாறி வாயில் என்று வழங்குகிறது; இல்முன் என்பது முன்றில் ஆனதும் இவ்வாறே. வாயில் மருவி வாசல் ஆயிற்று. வீட்டுக்கு வாய் உண்டு என்று கருதியவர்கள் தமிழர் மட்டும் அல்லர். ஷ்வேடகோன் பகோடாவுக்கு நான்கு திசையிலும் உள்ள வாயில்களைப் பர்மியர் குறிக்கும் சொல், முகத்தையும் வாயையும் குறிக்கும் ‘முக’ என்னும் பாலிச் சொல்லிலிருந்து வந்தது. கிழக்கு முகப்பில் சந்திப்போம் என்று பர்மிய நண்பரிடம் சொல்லும் ஒவ்வொரு முறையும், நம் வாயிலும் அவர்கள் முகமும் ஒரே உடலைப் பார்த்துப் பிறந்த சொற்கள் என்ற எண்ணம் எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

வாயிலுக்கு வேறொரு பழம்பொருளும் உண்டு. என் முடிவுக்கு அடிப்படை அதுவே. அகப்பொருள் இலக்கணத்தில் வாயில் என்பது ஆளைக் குறிக்கும். பரத்தையிற் பிரிந்து மீண்ட தலைவனுக்கும் ஊடியிருக்கும் தலைவிக்கும் நேரே பேச்சு இல்லாதபோது, இடையே சென்று ஒருவர் கருத்தை மற்றவரிடம் சேர்ப்பவர்கள் வாயில்கள். தொல்காப்பியம் கற்பியலில் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவரை வாயில்களாகக் கூறுகிறது. வாயிலை ஏற்றால் வாயில் நேர்தல். ஏற்காவிட்டால் வாயில் மறுத்தல். இன்றும் நாம் ‘அவர் வாயிலாகச் செய்தி அறிந்தேன்’ என்று எழுதும்போது கதவையோ நிலைப்படியையோ நினைப்பதில்லை. இடையில் நின்று கொண்டுவந்து சேர்த்தவரையே நினைக்கிறோம். செர்ஃபும் கானும் தேடிய பொருள் முழுவதும் இந்த ஒரு சொல்லில் முன்பே இருக்கிறது.

மருதப் பாடல்களில் தோழி பாணனைப் பொய்யன் என்று கடிந்து வாயில் மறுப்பதுண்டு. கணினி வாயிலுக்கும் இந்தக் குறை நேரலாம். தம் கணினியிலேயே ஐ.பி.எஃப்.எஸ். மென்பொருளை நிறுவியவர், வந்த கோப்பை மீண்டும் சுருக்கி, முகவரியோடு ஒத்துவருகிறதா என்று சரிபார்க்க முடியும். வாயில் வழியாகச் சாதாரண உலாவியில் படிப்பவருக்கு அந்தச் சோதனை நடப்பதில்லை. வாயிலை நடத்துபவர் வேறொன்றைக் கொடுத்தாலும் அவர் அறியமாட்டார். மேலும் யார், எப்போது, எதைக் கேட்டார் என்பது அந்த வழங்கிக்குத் தெரிந்தே இருக்கும். எங்கள் நாட்டில் இது சிறிய செய்தி அன்று.

2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய சில நாட்களில் முகநூலும், பின்னர் ட்விட்டரும் இன்ஸ்டகிராமும் தடுக்கப்பட்டன. பிப்ரவரி 15 முதல் இரவு ஒரு மணியிலிருந்து காலை ஒன்பது மணி வரை இணையமே நிறுத்தப்பட்டது; மார்ச் நடுவில் கைப்பேசித் தரவுச் சேவையும் நின்றது. அதே பிப்ரவரியில் விக்கிப்பீடியா எல்லா மொழிகளிலும் அடைபட்டது. துருக்கியில் 2017 ஏப்ரல் 29 முதல் 2020 ஜனவரி 15 வரை விக்கிப்பீடியா தடுக்கப்பட்டிருந்தபோது அதன் படியொன்று ஐ.பி.எஃப்.எஸ். வலையமைப்பில் வைக்கப்பட்டது, பின்னர் அவ்வாறு படியெடுக்கப்பட்ட மொழிகளுள் பர்மியமும் ஒன்று. அந்தப் பர்மியப் படியைத்தான் என் அக்காள் மகன் தன் வழங்கியில் நிலையாகத் தாங்கி வைத்திருக்கிறான்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். இணைய இணைப்பே இல்லாத இரவில் எந்த வாயிலும் உதவாது. வாயிலுக்கும் ஒரு பெயரும் ஓர் இடமும் இருப்பதால் அதையும் அடைக்க முடியும். அடைத்தால் அதன் பெயரோடு பகிரப்பட்ட இணைப்புகள் எல்லாம் செயலிழக்கும். ஆனால் உள்ளடக்க முகவரி மாறாது. முன்னே உள்ள வாயிலின் பெயரை மட்டும் மாற்றி வேறொரு வாயில் வழியே அதே கோப்பைப் பெறலாம். பெரிய நிறுவனம் ஒன்றின் வாயில் மட்டும் இருப்பதைவிட, ஆங்காங்கே பல சிறு வாயில்கள் இருப்பதே இந்த வலையமைப்பின் இயல்புக்குப் பொருந்தும் என்று நான் நம்புகிறேன்.

இப்போது நுழைவாயிலைப் பார்ப்போம். கலைச்சொல் பட்டியல்களிலும் செய்தித்தாள்களிலும் இதுவே மிகுதி. கடைக்காரர் பணம் பெறும் சேவையைக் கட்டண நுழைவாயில் என்கின்றனர். போர்ட்டல் என்பதற்கும் சிலர் இதே சொல்லை எழுதுகின்றனர். போர்ட்டல் பல பக்கங்களுக்கு வழிகாட்டும் முகப்பு. அதற்குத் தமிழ் விக்கிப்பீடியா ஆளும் வலைவாசல் என்னும் சொல்லே நல்லது. நுழைவு என்னும் முன்னொட்டு, உள்ளே போவதை மட்டும் சொல்லி, எடுத்து வந்து தருவதை விட்டுவிடுகிறது. தூதுப் பொருளையும் மறைத்து, நிலைப்படியை மட்டும் மிச்சம் வைக்கிறது. வாயில் என்று மட்டும் சொல்வதே நிறைவு. பொது என்பதைச் சேர்த்தால் பொதுவாயில். பொதுவழி, பொதுக்கிணறு என்னும் சொற்களைப் போல, எவருக்கும் உரியது, எவரும் அனுமதி கேட்கத் தேவையில்லாதது என்ற பொருளை இத்தொடர் தானே தருகிறது. பொது இல் என்பதே பொதியில் ஆகி ஊர் மன்றத்தைக் குறித்தது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

இத்தகைய வாயிலை நிறுவி இயக்குவதைக் குறிக்கும் ஹோஸ்ட்டிங் என்பதற்கு எது பொருந்தும் என்பதில் நெடுநேரம் தயங்கினேன். வாயில்காத்தல் என்றால் தடுத்து நிறுத்துதல் முதலில் தோன்றும். வழி காட்டியது பர்மாவின் பழைய தலைநகரான பகானில் உள்ள ஒரு தமிழ்க் கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதில், மலைமண்டலத்து (இன்றைய கேரளத்து) மகோதயர்பட்டினத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலுக்கு மண்டபம் எடுத்து, திருக்கதவு இட்டு, நிலைவிளக்கு ஒன்றும் வைத்த செய்தி இருக்கிறது. நானாதேசி என்பது பல நாடுகளுக்கும் சென்ற வணிகர் குழுவின் பெயர். தம் ஊரிலிருந்து கடல் கடந்து வந்தவர் இன்னோர் ஊரின் கோயிலுக்குக் கதவு இட்டார் என்பதைப் படித்ததும், பொதுவாயில் இடுதல் என்று எழுதலாம் என முடிவு செய்தேன். இடுதல் என்பதில் நிறுவுதலும் உண்டு, கொடுத்தலும் உண்டு. இட்டபின் அதைப் பேணுபவரைப் பொதுவாயில் நடத்துநர் என்றால் போதும்.

நடத்துநர் எல்லாவற்றையும் எல்லாருக்கும் எடுத்துத் தர வேண்டும் என்பதும் இல்லை. தம்மிடம் உள்ள படிகளை மட்டும் வழங்குமாறு மென்பொருளை அமைக்கலாம். சட்டத்தின் பேரில் ஒரு பக்கத்தைத் தர இயலாதபோது 451 என்னும் விடைக்குறியைக் காட்டி அதை வெளிப்படையாகச் சொல்லலாம். மென்பொருளில் வாயிலுக்கு உரிய 8080ஆம் துறையை (போர்ட்டை) வெளியுலகுக்குத் திறப்பவர், கட்டளை ஏற்கும் 5001ஆம் துறையை மூடியே வைக்க வேண்டும்.

அக்காள் மகன் முகப்பில் இப்போது இரண்டு வரிகளை வைத்திருக்கிறான். முதல் வரி: இது ஐ.பி.எஃப்.எஸ். வலையமைப்புக்கான பொதுவாயில். இரண்டாம் வரியை அவனே எழுதினான்: இங்கே படிப்பவர் யார் என்ற குறிப்பு சேமித்து வைக்கப்படுவதில்லை.