மரணமும் மவுத்தும் உறவா?

வட ஆற்காட்டில் சாவைக் குறிக்கும் சொற்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே மாறும். தமிழ் வீட்டில் ‘சாவு’. குடியாத்தம் பக்கத்துத் தெலுங்கு வீட்டிலும் அதே ‘சாவு’. பேரணாம்பட்டு, ஆம்பூர் உருது வீடுகளில் ‘மவுத்’. சமஸ்கிருத வழியில் வந்த ‘மரணம்’ எல்லோருக்கும் தெரியும்.

மரணம், மவுத் இரண்டும் ‘ம’வில் தொடங்குவதால் ஒரே வேர் என்று பலர் நம்புகிறார்கள். சோதிக்க ஒரு வழி, விகுதியைக் கழித்து வேரை மட்டும் ஒப்பிடுவது. ‘மரண’த்தில் ‘அணம்’ விகுதி. சாவைக் குறிக்கும் இன்னொரு சமஸ்கிருதச் சொல்லான மிருத்யுவில் ‘த்யு’ விகுதி. இரண்டிலும் எஞ்சுவது ம-ர. அரபிச் சொல்லான மவுத்தின் வேர் ம-வ-த என்ற மூன்று மெய்கள். பிணத்தைக் குறிக்கும் ‘மய்யித்’தும் இதே வேர்தான், நடு மெய் மட்டும் ‘ய’ ஆகிறது. ஆகவே மிருத்யுவின் ‘த’ விகுதியைச் சேர்ந்தது, மவுத்தின் ‘த’ வேரைச் சேர்ந்தது. மிஞ்சும் பொது ஒலி ‘ம’ ஒன்றுதான். அதை வைத்து உறவு சொல்ல முடியாது.

அதே உருதுவில் பிணத்துக்கு ‘முர்தா’ என்றும் சொல்வார்கள். அது பாரசீகச் சொல், வேர் ம-ர. ஆக, மரணத்தின் உண்மையான உறவு முர்தாதான். லத்தீன் ‘மோர்ஸ்’, லித்துவேனிய ‘மிர்திஸ்’, ஆங்கில ‘மர்டர்’ எல்லாம் அதே குடும்பம். சாவில்லாமை என்ற பொருளுள்ள அமிர்தமும் கிரேக்க ‘அம்ப்ரோசியா’வும்கூட ஒரே வேர்தான். கிரேக்கத்தில் ‘ம்’மிலிருந்து ‘ர்’ருக்குப் போகும்போது உதடு திறக்கும் இடத்தில் ஒரு ‘ப்’ நுழைந்துவிட்டது.

‘சாவு’ இந்தக் கூட்டத்தில் சேராது, அது திராவிடச் சொல். தமிழில் செத்தான், மலையாளத்தில் சத்து, கன்னடத்தில் சத்தனு, தெலுங்கில் சச்சாடு என இறந்தகால வடிவங்களும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. பெயர்ச்சொல்லைக் கடன் வாங்குவது எளிது. இறந்தகாலம் காட்டும் முறையோடு ஒத்துப்போவதே வலுவான சான்று.

நேராகச் சொல்ல அஞ்சும்போது வேறு வினை வந்து உட்காரும். செங்கம் வட்டார நடுகற்களில், ஆநிரை மீட்டு இறந்த வீரனுக்கு ‘பட்டான்’ என்று பொறித்தார்கள். ‘படு’வுக்கு விழுதல் என்றும் பொருள் உண்டு. சடலத்தைக் குறிக்கும் லத்தீன் ‘கடாவர்’ என்பதும் விழுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததே. இழவு என்பது ‘இழ’விலிருந்து வந்தது, அச்சம் ஒட்டிக்கொண்டதால் ‘எழவு’ இன்று வசைச்சொல். உருதுவின் ‘இந்தகால்’ இடம் பெயர்தலைக் குறிக்கும். தெலுங்கின் ‘சனிபோயாடு’ தமிழ்க் காதுக்குச் சனி கிரகம்போல ஒலிக்கும், ஆனால் கிரகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘சனு’ என்றால் செல். ‘சென்றுபோனான்’ என்பதே பொருள்.