கைத்தொலைபேசி மனதைக் குழப்புவது அலையாலா?

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மொட்டை மாடியில் அன்டெனா பொருத்த ஒரு கம்பனி இடம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கட்டடத்தின் நிர்வாகக் குழுக் கூட்டம் எப்படிப் போகும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மாத வாடகை வந்தால் லிஃப்டைத் திருத்தலாம் என்பார்கள் ஒரு பக்கத்தார். ஆறாம் மாடி அன்ரிக்கு ஏற்கெனவே நித்திரை இல்லை, பிள்ளைகள் சோதனைக்குப் படிக்கிறார்கள், இந்தக் கதிர் மூளையைத்தான் முதலில் பிடிக்கும் என்பார்கள் மற்றப் பக்கத்தார். இரண்டு பக்கத்தார் மடியிலும் போன் கிடந்து அதிர்ந்துகொண்டிருக்கும்.

தலையிடி, நித்திரைக் குழப்பம், பதகளிப்பு, மனச்சோர்வு. இவற்றுக்கும் போனுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால், கொஞ்சம் உண்டு என்றுதான் பல ஆய்வுகள் சொல்கின்றன. எதனால் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. போன் மின்காந்த அலைகளை அனுப்பும் கருவி. அதே போன்தான் சொந்தக்காரரையும் செய்தியையும் சண்டையையும் நடுச்சாமத்தில் கட்டிலுக்கே கொண்டு வருகிறது. குற்றம் அலையிலா, பாவனையிலா? இதைப் பிரித்துப் பார்க்க ஆய்வாளர்கள் நிறையவே மூளையைக் கசக்கியிருக்கிறார்கள்.

முதலில் அலை. போன்கள் பேசும் அலைகளின் மீடிறன் பெரும்பாலும் 700 முதல் 3500 மெகாஹேர்ட்ஸ் வரை. 2000 மெகாஹேர்ட்ஸ் அலையில் உள்ள ஒரு போட்டோனின், அதாவது அலைச் சக்தியின் மிகச் சிறிய பொட்டலத்தின், சக்தியை எடுத்துக்கொண்டால், அது நம் உடல் சூட்டால் மூலக்கூறுகள் சும்மாவே அதிர்ந்துகொண்டிருக்கும் சக்தியில் ஏறத்தாழ 3000-இல் ஒரு பங்குதான். ஓர் அணுவிலிருந்து இலத்திரனைப் பிடுங்கி எறிய அதைப்போல் 10 லட்சம் மடங்குக்கு மேல் வேண்டும். எக்ஸ் கதிருக்கு அந்தச் சக்தி உண்டு, போன் அலைக்கு இல்லை. இரண்டையும் கதிர்வீச்சு என்ற ஒரே பெயரால் அழைப்பதால் வந்த பயம் பாதி.

அப்படியானால் அந்த அலை உடம்பில் என்னதான் செய்கிறது? சூடாக்கும். நீர் மூலக்கூறுகளை அசைத்துக் கொஞ்சம் வெப்பம் உண்டாக்கும். இதை ஒரு கிலோகிராம் இழையத்துக்கு எத்தனை வாட் என்று அளக்கிறார்கள். தலைக்குச் சர்வதேச வழிகாட்டி எல்லை 2 வாட். அதுவும் மிக அதிகமாக உறிஞ்சும் 10 கிராம் பகுதியில் எடுத்த சராசரி. மூளை தன் வேலைக்காகத் தானே எரிப்பது மொத்தம் சுமார் 20 வாட், அதாவது கிலோவுக்குப் பதினான்கு வாட் அளவில். அந்தச் சூட்டையே இரத்த ஓட்டம் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போகிறது. போனின் பங்கையும் சேர்த்து அள்ளுவது அதற்குப் பெரிய பாடில்லை. அழைப்பு நீண்டால் காது சூடாவது பெரும்பாலும் பட்டரியும் திரையும் கன்னத்தோடு ஒட்டிக் கிடப்பதால்.

மொட்டை மாடி அன்டெனா பற்றி ஒரு விஷயம். அது கொழும்புக் கோட்டையில் நிற்கும் வெளிச்ச வீட்டைப் போல: ஒளி தூரத்துக்குப் போகும், அடியில் நிற்பவருக்கு அதிகம் விழாது. அன்டெனாவின் கற்றையும் கிடையாக வெளியேதான் விரிகிறது. நடுவில் கொங்கிரீட் தளம் வேறு. தூரம் இரட்டித்தால் செறிவு நாலில் ஒன்றாகும். காதில் வைத்த போனுக்குத் தூரமே இல்லை. அதைவிட, சிக்னல் குறைந்த இடத்தில் போன் தன் வலுவைக் கூட்டித்தான் கோபுரத்தைக் கூப்பிடும். நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் ஒற்றைக் கோடு சிக்னலோடு கத்திக் கத்திக் கதைப்பவர்தான் அந்தக் கட்டடத்திலேயே கூடுதல் அலையை வாங்குபவர். கோபுரத்தை விரட்டினால் தலைக்கு வரும் அலை கூடவும் கூடும். நிர்வாகக் குழுக்களில் இதைச் சொன்னால் எடுபடுவதில்லை.

இதை வைத்து மூளையில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. 2011-இல் அமெரிக்காவில் நோரா வொல்கோவ் குழுவினர் 47 பேரின் இரு காதுகளிலும் போன் பொருத்தி, வலப்பக்கப் போனை மட்டும் ஒலி நிறுத்திய அழைப்பில் 50 நிமிடம் வைத்தார்கள். அன்டெனாவுக்கு அருகிலிருந்த மூளைப் பகுதியில் குளுக்கோஸ் பாவனை சுமார் 7 சதவீதம் கூடியது. அதே ஆண்டில் பின்லாந்தில் செய்த சிறிய ஆய்வொன்றில் குளுக்கோஸ் பாவனை குறைந்தது! மூளை மின்னலைப் பதிவுகளில், ஆல்ஃபா அலை எனும் மூளையின் சொந்த மின் தாளம் கொஞ்சம் உயர்வது பல ஆய்வுக்கூடங்களில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஆனால் அந்த ஆட்களின் மனநிலையோ நினைவாற்றலோ அதற்கேற்ப மாறவில்லை. கண்ணை மூடினாலே ஆல்ஃபா உயரும். அளக்க முடிகிற எல்லாம் நோய் ஆகாது.

புற்றுநோயைப் பற்றிச் சுருக்கமாக: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011-இல் இந்த அலைகளை ‘சாத்தியம் இருக்கலாம்’ என்ற 2பி பிரிவில் போட்டது. கற்றாழை முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2024-இல் வெளியான, இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோரைப் பின்தொடர்ந்த கொஸ்மோஸ் ஆய்வு, கூடுதலாகக் கதைப்பவர்களுக்கு மூளைக் கட்டி கூடுதலாக வருவதாகக் காணவில்லை.

மனதுக்கு வருவோம். போன் அலை பட்டாலே தலையிடிக்கிறது, படபடக்கிறது என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் நடிக்கவில்லை, வலி உண்மையானது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் ஜேம்ஸ் ரூபின் குழுவினர் அப்படிச் சொன்ன 60 பேரையும், சொல்லாத 60 பேரையும் அழைத்தார்கள். ஒருநாள் உண்மையான ஜிஎஸ்எம் (2ஜி போன்களின்) சிக்னல், இன்னொரு நாள் துடிப்பில்லாத சிக்னல், வேறொரு நாள் சிக்னலே இல்லாத போலி. எது எந்த நாள் என்று வந்தவருக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற ஆய்வாளருக்கும் தெரியாது. 2006-இல் முடிவு வந்தது. 50 நிமிடத்தில் தலையிடி ஏறியது, நிறுத்தியபின் இறங்கியது. போலி நாளிலும் அப்படியேதான். ‘இன்றைக்கு சிக்னல் இருக்கிறது’ என்று நம்பியவர்கள், தலையிடிக்கிறது என்று சொல்லி வந்த 60 பேரில், உண்மை நாளில் 60 சதவீதம், போலி நாளில் 63 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் கிட்டத்தட்ட அதே விடைதான்.

நோசிபோ என்று இதைச் சொல்வார்கள். கெடுதி வரும் என்ற எதிர்பார்ப்பே கெடுதியைக் கொண்டு வருவது. அதே ரூபின், மைக்கேல் விட்ஹோஃப்ட் என்பவரோடு சேர்ந்து 2013-இல் இன்னொன்று செய்தார். 147 பேரில் ஒரு பகுதியினருக்கு வைஃபை ஆபத்து என்று பயமுறுத்தும் தொலைக்காட்சி அறிக்கை. மற்றவர்களுக்கு இணையத் தரவுப் பாதுகாப்பு பற்றிய அறிக்கை. பிறகு எல்லோருக்கும் 15 நிமிடம் ‘வைஃபை’. வைஃபை எதுவும் ஓடவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் தமக்கு ஏதோ செய்ததாகச் சொன்னார்கள். பயமுறுத்தும் அறிக்கையைப் பார்த்தவர்களில் இயல்பாகவே பதகளிக்கும் சுபாவம் உள்ளோருக்கு அது இன்னும் கூட. குடும்ப வட்ஸ்அப் குழுவில் ‘இதைப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்’ என்று வரும் கதிர்வீச்சு எச்சரிக்கைகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. அனுப்பும் பெரியப்பாவிடம் யார் சொல்வது?

எனக்கு மிகவும் பிடித்த ஆதாரம் ஆய்வுக்கூடத்துக்கு வெளியே கிடைத்தது. பழைய ஜிஎஸ்எம் அழைப்போடு ஒப்பிட்டால் 3ஜி அழைப்பில் போன் வெளிவிடும் வலு நூறில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு. குற்றவாளி அலை என்றால் தலையிடி ஜிஎஸ்எம் ஆட்களுக்குத்தான் கூட வரவேண்டும். சுவீடன், பின்லாந்தில் 24,000-க்கும் மேற்பட்டோரின் அழைப்பு நேரத்தை அவர்கள் ஞாபகத்திலிருந்து கேட்காமல் தொலைபேசிக் கம்பனிப் பதிவிலிருந்தே எடுத்து, நாலு ஆண்டுகள் பார்த்தார்கள். அதுவும் கொஸ்மோஸின் ஒரு பகுதிதான். நிறையக் கதைத்தவர்களுக்குத் தலையிடி சற்றுக் கூடத்தான். ஆனால் தொடர்பு வலுவாகத் தெரிந்தது 3ஜியில், அலை குறைந்த பக்கத்தில். நித்திரையிலும் ஏறத்தாழ அதே கதை. ஆக, நிறையக் கதைக்கும் வாழ்க்கையில் வேறேதோ இருக்கிறது.

அந்த வேறேதோ என்ன? திரையின் நீல ஒளி என்று உடனே சொல்வோம். 2015-இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வில் 12 பேர் படுக்கைக்கு முன் 4 மணிநேரம் ஒளிரும் திரையில் வாசித்தார்கள். நித்திரை வரப் பிந்தியது சுமார் 10 நிமிடம். ஒளிக்கு நாம் கொடுக்கும் பழி கொஞ்சம் அதிகம் என்றே நினைக்கிறேன். சுவீடனில் சாரா தோமே 20 முதல் 24 வயதுவரையான 4,000-க்கும் அதிகமானோரிடம் செய்த 2011 ஆய்வு வேறு இடத்தைக் காட்டியது. எந்த நேரமும் யாரும் தன்னைக் கூப்பிடலாம் என்பதைச் சுமையாக உணர்ந்தவர்களிடம்தான் மனச்சோர்வு, மன அழுத்தம், நித்திரைக் குழப்பம் எல்லாம் அதிகம் தெரிந்தன.

கொழும்புத் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே இரவு 2 மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் பின்னேரம் 4.30, லண்டனில் இரவு 9.30. வேலை முடிந்து பஸ்சில் ஏறும் மச்சாள் குழுவில் ஒரு படம் போடுவார். லண்டன் சித்தப்பா உடனே கேள்வி கேட்பார். தெஹிவளையில் அம்மா எழும்பிப் பார்ப்பார், யாருக்கு என்னவோ என்று. ஊரில் வயதானவர்கள் இருக்கும் வீட்டில் போனை அணைத்துவிட்டுப் படுக்க மனம் வராது. அலை அளக்கும் கருவி எதிலும் இது பதியாது.

இதை வைத்துப் போன்தான் மனதைக் கெடுக்கிறது என்று மேடை போட்டுப் பேசவும் முடியாது. தனிமையில் இருப்பவரும் நித்திரை வராதவரும் போனை அதிகம் நோண்டுவார்கள்; எது முந்தி, எது பிந்தி? ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி 2019-இல் 3,55,358 இளம் வயதினரின் தரவுகளை அலசியபோது, அவர்களின் நலவுணர்வில் உள்ள வேறுபாட்டில் டிஜிட்டல் பாவனை விளக்கியது கூடியது 0.4 சதவீதம். முந்தியதையும் பிந்தியதையும் பிரிக்க ஒரே வழி, பாவனையை வலிந்து மாற்றிப் பார்ப்பது. 2025-இல் வெளியான வட அமெரிக்கப் பரிசோதனை ஒன்றில் 467 பேரின் போனில் இரண்டு கிழமைக்கு இணையத்தை மட்டும் தடுத்தார்கள். அழைப்பும் குறுஞ்செய்தியும் வழமைபோல. அதாவது, தலைக்கு மிகக் கூடுதலாக அலை அனுப்பும் வேலை, காதில் வைத்துக் கதைப்பது, தடையில்லாமல் நடந்தது. ஆனாலும் மனநலமும் கவனமும் நலவுணர்வும் சராசரியாக முன்னேறின. ஆட்கள் நேரில் சந்திக்கவும் வெளியே நடக்கவும் கூடுதல் நேரம் செலவிட்டிருந்தார்கள். தாமாக முன்வந்து கலந்துகொண்டவர்கள்தான் என்றாலும், பெரும்பாலானோரால் அந்தத் தடையை இரண்டு கிழமையும் விடாமல் வைத்திருக்க முடியவில்லை.