பிரஷர் வந்தது பீஸ் ஸ்டேஷனிலா?

எனக்குத் தெரிந்த ஹவில்தார் ஒருவர் 24 வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். சேர்ந்தபோது பிரஷர் இல்லை. வரும்போது தினம் இரண்டு மாத்திரை. ஓய்வு பெறும்போது சோதிக்கும் மருத்துவக் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டு ஊனம் 30 சதவீதம் என்று எழுதியது. நோய் ஆரம்பித்தது பீஸ் ஸ்டேஷனில், அதாவது சண்டைப் பதற்றமில்லாத ஊரில், ஆகவே பணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றும் அதே போர்டே எழுதியது. டிசெபிலிட்டி பென்ஷன் கிடையாது. "சர்க்கார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டவர், எட்டு வருஷம் அதை எடுக்கவேயில்லை.

டிசெபிலிட்டி பென்ஷனுக்கு விதி இதுதான்: நோய் பணியால் வந்திருக்க வேண்டும், இல்லை பணியால் கூடியிருக்க வேண்டும், ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. பிரஷருக்கு வழக்கமாக 30 போடுகிறார்கள், அதில் சிக்கலில்லை. முதல் நிபந்தனையில்தான் மாட்டுகிறார்கள். பீஸ் ஸ்டேஷன், உடல்வாகு, பரம்பரை, வாழ்க்கைமுறை என்று நாலு வார்த்தை எழுதி ஃபைலை மூடிவிடுகிறார்கள். பிறப்பிலேயே கோளாறு என்றால், ஆளெடுக்கும்போது சோதித்த டாக்டர் என்ன பார்த்தாராம்?

உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய இதையேதான் கேட்டது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில், சேரும்போது குறிக்கப்படாத நோய் என்றால் அவர் ஆரோக்கியமாகச் சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லையென்றால் போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது. ஆனாலும் ஒரே வரி நிராகரிப்புகள் இன்னும் வருகின்றன.

பிரஷர் சத்தமில்லாமல் வளரும் நோய். காஷ்மீரில் இரண்டு வருஷம் கழித்து செகந்திராபாத் வந்தவருக்கு, அங்கே நடந்த பரிசோதனையில் தெரியவரும். கண்டுபிடித்த இடத்தை நோய் வந்த இடமாக்கிவிடுவார்கள். அதனால் போர்டு அறிக்கை நகலோடு, எந்தத் தேதியில் எங்கே இருந்தீர்கள் என்ற போஸ்டிங் விவரத்தையும், உங்கள் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் எழுதிக் கேளுங்கள். தரவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். களப்பகுதியிலோ உயரமான மலைப்பகுதியிலோ இருந்தபோது வந்த பிரஷரைப் பணியால் கூடியதாக ஏற்கலாம் என்று 2008-ஆம் ஆண்டின் ராணுவ மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது.

நிராகரிப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு. அது போனால் இரண்டாவது, அப்புறம் ஆயுதப் படைத் தீர்ப்பாயம். சென்னையில் அமர்வு இருக்கிறது. "கொஞ்சம் பொறுங்க, பார்க்கலாம்" என்று அலுவலகத்தில் சொல்வதை நம்பிக் காத்திருக்காதீர்கள். தாமதமாகப் போனால், ஜெயித்தாலும் நிலுவை பெரும்பாலும் மனுவுக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான். அந்த ஹவில்தாருக்கு ஐந்து வருஷத் தொகை இப்படித்தான் போனது.

மனுவிலேயே ஊனம் 30 சதவீதம் என்பதை 50 ஆக்கித் தரும்படி கேளுங்கள். பணிக்காலம் முடிந்து ஓய்வு பெற்றவருக்கும் இது உண்டு என்று 2014-இல் ராம் அவ்தார் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது. கடைசிச் சம்பளத்தில் 9 சதவீதமாக இருக்கும் தொகை 15 ஆகும். கேட்காதவருக்குத் தானாக வரும் என்று நினைக்காதீர்கள்.

2023 செப்டம்பர் 21 முதல் ராணுவத்திலிருந்து வெளியே வருபவர்களுக்கு இந்தப் பென்ஷனில் புதிய விதிகள். அதற்கு முன் வந்தவரிடம் அதைக் காட்டித் திருப்பி அனுப்பினால், எந்தத் தேதியிலிருந்து அது செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். நிலுவையில் பங்கு பேசும் ஏஜெண்டிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈசிஎச்எஸ்ஸில்தான் மாத்திரை தருகிறோமே என்று யாராவது சொன்னால், அது வேறு, இது வேறு. எதையும் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். கையில் கொடுத்தால் சீல் வைத்த நகல் வாங்காமல் வெளியே வராதீர்கள்.